மாநில செனட் தொகுதி என்றால் என்ன? சிகாகோவின் 13ஆம் தொகுதியை வைத்துப் புரிந்துகொள்வோம்

அமெரிக்காவில் செனட்டர் என்றதும் நமக்கு வாஷிங்டன்தான் நினைவுக்கு வரும். மாநிலத்துக்கு 2 பேர், மொத்தம் 100 பேர். அது நாடாளுமன்ற செனட். அதுபோக ஒவ்வொரு மாநிலத்துக்கும் சொந்தமாக ஒரு சட்டமன்றம் உண்டு. நெப்ராஸ்காவைத் தவிர மற்ற 49 மாநிலங்களிலும் அது கீழவை, மேலவை என்று இரண்டு அவைகளாக இருக்கிறது. மேலவைக்குப் பெயர் மாநில செனட். அதில் உட்காருகிறவர்களும் செனட்டர்கள்தான், ஆனால் வெளிநாட்டுக் கொள்கை, ராணுவம் எல்லாம் இவர்கள் வேலை இல்லை. பள்ளிக்கூடங்களுக்கு எவ்வளவு பணம், எந்தக் குற்றத்துக்கு என்ன தண்டனை, ஏழைகளுக்கான மருத்துவக் காப்பீடு எப்படி நடக்க வேண்டும், மாநில வரி எவ்வளவு என்று அன்றாட வாழ்க்கையைத் தொடுகிற பெரும்பாலான சட்டங்கள் இங்கேதான் உருவாகின்றன. அமெரிக்கச் செய்திகளை வாஷிங்டன் வழியாக மட்டுமே படிப்பவர்களுக்கு இந்தப் பாதி தெரியாமலே போய்விடுகிறது என்பது எனக்கு எப்போதும் ஒரு குறை.

சரி, ஒரு மாநில செனட் தொகுதியின் வரலாற்றை எப்படிப் படிப்பது? எந்தத் தொகுதியைத் தேடினாலும் இவர் இந்த வருடம் முதல் இந்த வருடம் வரை, அப்புறம் அவர், அப்புறம் இன்னொருவர் என்று பெயர்ப் பட்டியல்தான் முதலில் கண்ணில் படும். அந்தப் பட்டியல் பாதிக் கதையைக்கூடச் சொல்லாது. ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் இரண்டு கேள்வி போட்டுக்கொள்ளுங்கள். இவர் எந்த வழியாக உள்ளே வந்தார்? இவர் காலத்தில் தொகுதியின் எல்லை எங்கே ஓடியது? இந்த இரண்டையும் கேட்டால் பட்டியல் பேச ஆரம்பிக்கும். அதற்கு இல்லினாய் மாநிலத்தின் 13ஆவது செனட் தொகுதியைவிட நல்ல பாடம் கிடைப்பது கஷ்டம். சிகாகோவின் தெற்குப் பகுதியில், மிச்சிகன் ஏரிக்கரையில், சிகாகோ பல்கலைக்கழகம் இருக்கிற ஹைட் பார்க்கைச் சுற்றி அமைந்த தொகுதி இது. பராக் ஒபாமா என்ற சட்ட விரிவுரையாளர் அரசியலுக்குள் நுழைந்தது இதன் வழியாகத்தான்.

முதலில் கொஞ்சம் கணக்கு. இல்லினாயில் 59 செனட் தொகுதிகள். 2020 கணக்கெடுப்பில் மாநிலத்தின் மக்கள்தொகை 1 கோடியே 28 லட்சம் சொச்சம், ஆகவே ஒரு தொகுதிக்குச் சுமார் 2 லட்சத்து 17 ஆயிரம் பேர். ஒவ்வொரு செனட் தொகுதியையும் இரண்டாக வெட்டினால் இரண்டு கீழவைத் தொகுதிகள், மொத்தம் 118. எண்ணும் அப்படியே பொருந்தும்: 1ஆம் செனட் தொகுதிக்குள் கீழவையின் 1, 2, இரண்டாவதுக்குள் 3, 4, 13க்குள் 25, 26. பதவிக்காலம்தான் கொஞ்சம் விசித்திரம். கீழவை உறுப்பினருக்கு 2 வருடம். செனட்டருக்கு 10 வருடத்தை மூன்று துண்டாக்கி, சில தொகுதிகளுக்கு 2-4-4, சிலவற்றுக்கு 4-2-4, மீதிக்கு 4-4-2 என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். 10 வருடத்துக்கு ஒருமுறை மக்கள்தொகைக் கணக்கெடுப்பு முடிந்து எல்லைகளை மாற்றும்போது 59 பேரும் ஒரே நேரத்தில் புதுத் தொகுதியில் நின்றாக வேண்டும், அதே சமயம் நடுவில் எல்லாருடைய பதவியும் ஒரே நாளில் முடிந்துவிடவும் கூடாது என்பதற்கான ஏற்பாடு இது. இது தெரியாமல் பட்டியலைப் பார்த்தால் 1996இல் ஜெயித்த ஒபாமா ஏன் 1998இலேயே மறுபடியும் தேர்தலில் நின்றார் என்று குழப்பம் வரும். அவருக்குக் கிடைத்தது அந்த நடுத்துண்டு 2 வருடம்.

ஒவ்வொரு தொகுதியிலும் ஏறக்குறைய ஒரே அளவு மக்கள் இருக்க வேண்டும் என்பது இப்போது நமக்கு இயல்பாகத் தோன்றுகிறது. 1964க்கு முன்னால் அப்படி இல்லை. பல மாநிலங்களில் செனட் தொகுதிகளை நிலப்பரப்பை வைத்தே பிரித்தார்கள். இல்லினாயும் 1954இல் தன் அரசியலமைப்பைத் திருத்தி செனட்டை அப்படித்தான் வைத்துக்கொண்டது. சிகாகோவை உள்ளடக்கிய குக் கவுண்டியில் (நம் மாவட்டம் போன்ற பிரிவு) மாநில மக்களில் பாதிக்கு மேல் இருந்தார்கள், செனட்டில் அவர்களுக்குப் பாதி இடம்கூட இல்லை. 1964இல் ரெனால்ட்ஸ் எதிர் சிம்ஸ் என்ற அலபாமா மாநில வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இதை உடைத்தது. சட்டமன்ற உறுப்பினர்கள் மக்களின் பிரதிநிதிகள், மரங்களுக்கோ ஏக்கர்களுக்கோ அல்ல என்று தலைமை நீதிபதி ஏர்ல் வாரன் எழுதினார். நகரங்களில் நெருக்கியடித்து வாழ்ந்த கறுப்பின மக்களுக்கு மாநில செனட்டுகளின் கதவு அகலத் திறந்ததில் இந்தத் தீர்ப்புக்குப் பெரிய பங்கு உண்டு. வாக்குரிமைப் போராட்டத்தைப் பற்றிப் பேசும்போது இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், பலர் விட்டுவிடுகிறார்கள்.

அந்த மாற்றம் வந்த கையோடு, 1966 தேர்தலில் ஹைட் பார்க் பகுதியிலிருந்து செனட்டுக்குப் போனவர் ரிச்சர்ட் நியூஹவுஸ். இரண்டாம் உலகப் போரில் பணியாற்றியவர், சிகாகோ பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்தவர், கறுப்பினத்தவர். சிகாகோவை அப்போது மேயர் ரிச்சர்ட் டேலியின் கட்சி இயந்திரம் ஆண்டுகொண்டிருந்தது. வேலை வேண்டுமா, தெருவிளக்கு எரிய வேண்டுமா, வார்டு ஆளைப் பார் என்கிற காலம். நியூஹவுஸ் அந்த இயந்திரத்தோடு ஒட்டாத சுயேச்சையான ஜனநாயகக் கட்சிக்காரர். 1975இல் மேயர் பதவிக்கான உட்கட்சித் தேர்தலில், அதாவது கட்சியின் வேட்பாளர் யார் என்று வாக்காளர்களே ஓட்டுப் போட்டு முடிவு செய்யும் தேர்தலில், டேலியை எதிர்த்தே நின்றார், தோற்றார். ஆனால் செனட் இடத்தை 1991 வரை விடவில்லை. ஏறக்குறைய கால் நூற்றாண்டு. ஹைட் பார்க் என்றால் மேலிடத்துக்குத் தலையாட்டாத ஊர் என்ற பெயருக்கு இப்படிப்பட்டவர்களும் ஒரு காரணம்.

1991இல் நியூஹவுஸ் விலகியதும் ஆலிஸ் பாமர் வந்தார். கல்வித்துறையில் பெயர் எடுத்தவர். அவர் தேர்தலில் ஜெயித்து வரவில்லை, நியமிக்கப்பட்டார். இங்கே ஒரு விதியைப் புரிந்துகொள்ள வேண்டும். இல்லினாயில் ஒரு செனட்டர் நடுவில் விலகினாலோ இறந்தாலோ உடனே இடைத்தேர்தல் கிடையாது. 30 நாளுக்குள் அந்த இடத்தை நியமனத்தால் நிரப்பிவிட வேண்டும், வருகிறவர் விலகியவரின் கட்சியைச் சேர்ந்தவராகவே இருக்க வேண்டும். நியமிப்பது ஆளுநர் அல்ல, அந்தத் தொகுதிக்குள் வருகிற வார்டுகளின் கட்சி நிர்வாகிகள். போன தேர்தலில் யாருடைய வார்டில் கட்சிக்கு அதிக ஓட்டு விழுந்ததோ அவருடைய குரலுக்கு அதிக எடை. பதவிக்காலத்தில் 28 மாதத்துக்கு மேல் மீதமிருந்தால் அடுத்த பொதுத்தேர்தலில் மக்கள் முடிவு செய்வார்கள். அதற்குக் குறைவாக இருந்தால் நியமனமானவரே கடைசிவரை இருக்கலாம். ஒருமுறை உள்ளே போய்விட்டால் அடுத்த தேர்தலில் தற்போதைய செனட்டர் என்ற பட்டத்தோடு நிற்கலாம். அதன் பலம் எவ்வளவு என்று அரசியலைக் கவனிக்கிற யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. பாமர் 1992இல் தேர்தலில் ஜெயித்து இடத்தை உறுதி செய்துகொண்டார்.

இனி 1995. இந்தத் தொகுதியின் வரலாற்றில் ரொம்ப முக்கியமான சில மாதங்கள், அதனால் நிதானமாகப் பார்ப்போம்.

பக்கத்து நாடாளுமன்றத் தொகுதியின் உறுப்பினர் மெல் ரெனால்ட்ஸ் ஒரு பாலியல் குற்ற வழக்கில் தண்டனை பெற்றுப் பதவி விலகினார். அந்த இடத்துக்கு பாமர் ஆசைப்பட்டார். அவருடைய செனட் இடம் காலியாகும் என்ற கணக்கில், அவருடைய ஆதரவோடேயே, 34 வயது ஒபாமா செப்டம்பரில் களத்தில் இறங்கினார். நவம்பர் கடைசியில் நடந்த உட்கட்சித் தேர்தலில் ஜெஸ்ஸி ஜாக்சன் ஜூனியர் ஜெயித்தார், பாமர் மூன்றாவது இடத்துக்குப் போய்விட்டார். தோற்றதும் பாமருடைய ஆதரவாளர்கள் ஒபாமாவிடம் போய், நீங்கள் ஒதுங்கிக்கொள்ளுங்கள், அவர் பழைய இடத்திலேயே இருக்கட்டும் என்று கேட்டார்கள். ஒபாமா மறுத்துவிட்டார்.

உட்கட்சித் தேர்தலில் பெயர் வர வேண்டுமானால் தொகுதியின் பதிவு செய்த வாக்காளர்களிடம் கையெழுத்து வாங்கி மனுவோடு கொடுக்க வேண்டும். அப்போது தேவைப்பட்டது 757 கையெழுத்து. ஒபாமா 3,000க்கு மேல் சேர்த்து முதல் நாளிலேயே கொடுத்துவிட்டார். தோல்விக்குப் பிறகு பாமருக்குக் கிடைத்ததோ சில நாட்கள். கடைசி நாளான டிசம்பர் 18 அன்று ஏறக்குறைய 1,600 கையெழுத்தோடு தாக்கல் செய்தார். தேவையைப் போல இரண்டு மடங்கு, பார்வைக்குப் போதுமானதாகத்தான் தெரியும். ஆனால் ஒபாமாவின் ஆட்கள் தேர்தல் வாரியத்துக்குப் போய் உட்கார்ந்து, வாக்காளர் பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெயராகச் சரிபார்த்தார்கள். இந்த முகவரி தொகுதிக்குள் வருகிறதா, இவர் பெயர் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டதா, இந்தக் கையெழுத்து பதிவேட்டில் இருப்பதோடு பொருந்துகிறதா, கையெழுத்து வாங்கிய ஆளுக்கு அந்தத் தகுதி இருந்ததா என்று வரிவரியாக. விழுந்த கையெழுத்துகள் அத்தனை அதிகம் என்பதால் பாமர் ஜனவரியில் தானே விலகிக்கொண்டார். இதே வழியில் மற்ற மூன்று போட்டியாளர்களும் வெளியே போனார்கள். 1996 மார்ச் மாத உட்கட்சித் தேர்தலில் ஒபாமாவின் பெயர் மட்டும்தான் இருந்தது. ஜனநாயகக் கட்சியின் கோட்டையான தொகுதி, ஆகவே நவம்பர் பொதுத்தேர்தல் வெறும் சம்பிரதாயம்.

இதில் சட்டமீறல் எதுவும் இல்லை. போலிக் கையெழுத்தோடு யாரும் தேர்தலில் நிற்கக் கூடாது என்பதும் நியாயமே. சிகாகோ அரசியலில் இது பழகிப்போன ஆயுதமும்கூட. ஆனாலும் அந்தத் தொகுதியின் வாக்காளர்கள் கோணத்திலிருந்து பாருங்கள். 4 வருடத்துக்கு மேல் தங்களுக்காக வேலை செய்த செனட்டரா, புதியவரா என்று முடிவு செய்யும் வாய்ப்பு அவர்களிடம் வரவே இல்லை. அது ஒரு அலுவலகத்தில், காகிதங்களுக்கு நடுவில் முடிந்துபோனது. அந்த வாய்ப்பு அவர்களுக்குக் கிடைத்திருக்க வேண்டும் என்பது என் கருத்து. குறை அந்த விதியில் இருக்கிறது, கையெழுத்துத் தேவையை மேலும் மேலும் சிக்கலாக்கினால் பலன் வக்கீல் வைத்துக்கொள்ள முடிந்தவருக்கே போகும்.

அப்போதைய 13ஆம் தொகுதி ஹைட் பார்க், கென்வுட்டில் தொடங்கி தெற்கே சவுத் ஷோர் வரை, மேற்கே சிகாகோ லான் வரை நீண்டது. பல்கலைக்கழகப் பேராசிரியர்களும் உண்டு, பல வருடங்களாக வேலைவாய்ப்பு இல்லாமல் காய்ந்துபோன தெருக்களும் உண்டு. செனட்டில் குடியரசுக் கட்சிக்குத்தான் பெரும்பான்மை என்பதால் ஒபாமாவின் முதல் 6 வருடம் பெரும்பாலும் எதிர்க்கட்சி வரிசையில் கழிந்தது. 2000ஆம் வருடம் நாடாளுமன்ற உறுப்பினர் பாபி ரஷ்ஷை எதிர்த்து நின்று, ஒன்றுக்கு இரண்டு என்ற அளவில் தோற்றார். அந்தத் தோல்விக்கு அடுத்த வருடம் நடந்ததுதான் இந்தக் கதையின் இரண்டாவது திருப்பம், அது எல்லை பற்றியது.

இல்லினாயில் தொகுதி எல்லையை வரைவது சட்டமன்றமே. அங்கே ஜூன் 30க்குள் முடிவு வராவிட்டால் இரு கட்சிகளும் சமமாக இருக்கிற 8 பேர் குழுவிடம் வேலை போகும். அவர்களும் 4-4 என்று முட்டிக்கொண்டால், இரு கட்சிப் பெயர்களில் ஒன்றைக் குலுக்கிப் போட்டு 9ஆவது ஆளை எடுப்பார்கள். யார் பெயர் வருகிறதோ அந்தக் கட்சிக்கு 5-4 பெரும்பான்மை, மாநிலம் முழுவதற்குமான வரைபடம் அவர்கள் கையில். 1970இல் புதிய அரசியலமைப்பு எழுதியவர்கள், எல்லாவற்றையும் இழக்கிற பயத்திலாவது இரண்டு கட்சியும் சமாதானமாகப் போவார்கள் என்று நம்பினார்கள். நடந்ததோ வேறு. 1981, 1991, 2001 என்று மூன்று முறையும் சூதாடிப் பார்க்கத் தயாரானார்கள். 1981இல் அதிர்ஷ்டம் ஜனநாயகக் கட்சிக்கு, 1991இல் குடியரசுக் கட்சிக்கு. 1992 தேர்தலில் செனட் குடியரசுக் கட்சியின் கைக்குப் போனதற்கு அந்தக் குலுக்கல் ஒரு நேரடிக் காரணம். 2001 செப்டம்பரில் மாநிலச் செயலர் ஜெஸ்ஸி வைட், ஆபிரகாம் லிங்கன் அணிந்ததைப் போன்ற உயரத் தொப்பி ஒன்றுக்குள் கைவிட்டு எடுத்தார். ஜனநாயகக் கட்சியின் பெயர் வந்தது. ஒரு கோடிக்கும் மேற்பட்ட மக்களின் 10 வருட அரசியலை ஒரு துண்டுச்சீட்டு தீர்மானித்தது என்பதை ஒவ்வொரு முறை படிக்கும்போதும் எனக்கு ஜீரணிக்கக் கஷ்டமாக இருக்கிறது.

அதே 2001இல் தலைநகர் ஸ்பிரிங்ஃபீல்டில், ஸ்டிராட்டன் என்ற அரசுக் கட்டடத்தில் ஒரு அறைக்குள், ஜனநாயகக் கட்சியின் ஆலோசகர் ஒருவரோடு கணினி முன் உட்கார்ந்து ஒபாமா தன் தொகுதியின் புது எல்லையைப் பார்த்துப் பார்த்து வரைந்தார். தெற்குப் பகுதியில் மக்கள்தொகை குறைந்துகொண்டே வந்தது, ஆகவே தொகுதி எங்காவது பெரிதாகித்தான் ஆக வேண்டும். அது வடக்கே திரும்பியது. மேற்கில் ஏழைக் கறுப்பினக் குடியிருப்புகளுக்குள் நீண்டிருந்த பகுதி கழன்றது, ஹைட் பார்க்கிலிருந்து ஏரிக்கரையோடு மேலே போய் நகரத்தின் வணிக மையத்தைத் தாண்டி, பெரும் பணக்காரர்கள் வாழும் கோல்ட் கோஸ்ட் வரை தொட்டது. கறுப்பின வாக்காளர்களே இன்னும் பெரும்பான்மை, ஆனால் இப்போது அவரது தொகுதிக்குள் தேர்தல் நிதி கொடுக்கக்கூடிய செல்வந்தர்களும் செல்வாக்கான ஆட்களும் வந்துவிட்டார்கள். 3 வருடத்தில் நாடாளுமன்ற செனட்டுக்கு மாநிலம் தழுவிப் போட்டியிட இது எவ்வளவு உதவியிருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். தொகுதி எண் அப்போதும் 13, இப்போதும் 13. உள்ளே இருக்கிற ஊர் மட்டும் மாறிவிட்டது. பெயர்ப் பட்டியலை மட்டும் படிப்பவருக்கு இது தெரியவே தெரியாது. பாமரை அனுப்பிய மேற்குத் தெருக்களில் குடியிருந்தவர்களுக்கு, தாங்கள் எங்கும் நகராமலே தங்கள் செனட்டர் மாறிப்போனார்.

புது வரைபடத்தில் நடந்த 2002 தேர்தலில் செனட் ஜனநாயகக் கட்சியிடம் வந்தது, எமில் ஜோன்ஸ் அவைத் தலைவரானார், ஒபாமா சுகாதாரக் குழுவின் தலைவரானார். எதிர்க்கட்சி வரிசையில் முடங்கிக் கிடந்த மசோதாக்கள் எல்லாம் மளமளவென்று நிறைவேற ஆரம்பித்தன. 2003இல் வந்ததுதான் கொலை வழக்குகளில் போலீஸ் விசாரணையை மின்னணுப் பதிவு செய்ய வேண்டும் என்ற சட்டம். சட்டம் இயற்றி இதைக் கட்டாயமாக்கிய முதல் மாநிலம் இல்லினாய். அடித்து வாங்கிய வாக்குமூலங்கள், நிரபராதிகளுக்கு மரண தண்டனை என்று அந்த மாநிலம் தலைகுனிந்து நின்ற காலம் அது. அதே வருட ஜனவரியில்தான் ஆளுநர் ஜார்ஜ் ரயன், பதவியை விட்டு இறங்குவதற்கு முன் 167 பேரின் மரண தண்டனையைக் குறைத்திருந்தார்.

2004 நவம்பரில் ஒபாமா வாஷிங்டன் செனட்டுக்குத் தேர்வானதும் விலகினார். வார்டு நிர்வாகிகள் கூடி குவாமி ரவுலை நியமித்தார்கள். ஹைட்டியிலிருந்து வந்த குடும்பத்தில் சிகாகோவில் பிறந்தவர், வழக்கறிஞர். ஒபாமாவின் இடத்துக்கு வந்தவர் என்றே நெடுநாள் அறியப்பட்டார், ஆனால் அவர் செய்த வேலை தனியாகச் சொல்லப்பட வேண்டியது. இல்லினாயில் மரண தண்டனையை ஒழித்த மசோதாவை செனட்டில் முன்னெடுத்துச் சென்றவர் அவர்தான். 2011 மார்ச் 9 அன்று ஆளுநர் பாட் க்வின் அதில் கையெழுத்திட்டார், தண்டனையை எதிர்நோக்கியிருந்த 15 பேருக்கும் அது ஆயுள் தண்டனையாக மாறியது. 2018இல் மாநிலத்தின் தலைமைச் சட்ட அதிகாரியான அட்டர்னி ஜெனரலாகத் தேர்வாகி 2019 ஜனவரியில் ரவுல் விலகினார்.

அவர் இடத்துக்கு ராபர்ட் பீட்டர்ஸ். மறுபடியும் நியமனம். சமூக அமைப்பாளராக இருந்தவர். கையில் காசு இருந்தால் ஜாமீன், இல்லாவிட்டால் விசாரணை முடியும்வரை சிறை என்ற முறையை ஒழிக்க வேண்டும் என்று செனட்டில் முன்னின்று வாதாடியவர்களில் அவர் ஒருவர். 2023 செப்டம்பர் 18 முதல், பண ஜாமீனை முழுவதுமாக நீக்கிய முதல் மாநிலம் இல்லினாய். விசாரணையைப் பதிவு செய்வது, மரண தண்டனையை ஒழிப்பது, பண ஜாமீனை ஒழிப்பது: 20 வருட இடைவெளியில் ஒரே தொகுதியின் மூன்று செனட்டர்கள் மாநிலத்தின் குற்றவியல் சட்டத்தில் கைவைத்திருக்கிறார்கள். இதைத் தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. சிறைக்குப் பிள்ளைகளைக் கொடுத்த தெற்குப் பகுதிக் குடும்பங்களும், சட்டக் கல்லூரியும், பழைய சுயேச்சை அரசியலும் ஒரே எல்லைக்குள் இருக்கிற தொகுதி இது.

இப்போது முதல் கேள்விக்குத் திரும்பினால் ஒன்று பளிச்சென்று தெரியும். பாமர் 1991இல் நியமனம், ரவுல் 2004இல் நியமனம், பீட்டர்ஸ் 2019இல் நியமனம். நடுவில் ஒபாமா ஒருவர் தேர்தல் வழியாக வந்தார், அவருக்கும் உட்கட்சித் தேர்தலில் எதிராளி இல்லை. பிறகு எல்லாரும் மக்களிடம் ஓட்டு வாங்கித்தான் நீடித்தார்கள், அது உண்மை. ஆனால் நியூஹவுஸ் போன பிறகு, முதல்முறை யார் உள்ளே வருவது என்பதை இந்தத் தொகுதி மக்கள் போட்டியுள்ள ஓர் உட்கட்சித் தேர்தலில் முடிவு செய்யவில்லை. ஒரு கட்சியே எப்போதும் ஜெயிக்கிற தொகுதியில் உட்கட்சித் தேர்தல்தான் உண்மையான தேர்தல் என்பதால் இது சின்ன விஷயம் இல்லை. பீட்டர்ஸைப் போன்ற நல்ல ஆட்கள் அந்த வழியில் வந்திருக்கிறார்கள் என்பது வேறு, வழி சரியா என்பது வேறு.

எல்லையைப் பொறுத்தவரை 2011இலும் 2021இலும் ஆளுநர், இரண்டு அவைகள் எல்லாமே ஜனநாயகக் கட்சியிடம் இருந்ததால் வரைபடம் சாதாரணச் சட்டமாகவே நிறைவேறிவிட்டது, தொப்பிக்கு வேலை வரவில்லை. விதியை யாரும் மாற்றவில்லை. 2030 கணக்கெடுப்புக்குப் பின், 2031 ஜூன் 30க்குள் ஸ்பிரிங்ஃபீல்டில் உடன்பாடு வராவிட்டால், 13ஆம் தொகுதியின் எல்லையும் மற்ற 58 தொகுதிகளின் எல்லையும் மறுபடியும் ஒரு குலுக்கலுக்குப் போகலாம்.